பொம்பெயியில் கிடைத்தவை: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

நேப்பிள்ஸ் போய்வந்து படங்களைப் பகிர்ந்ததிலிருந்து ஒரே மாதிரிச் சந்தேகங்கள்தான் வருகின்றன. சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஆள் மாறினாலும் கேள்வி மாறவில்லை. தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை, அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் இருக்கின்றன.

பொம்பெயி எங்க இருக்கு, அங்க என்னதான் நடந்துச்சு?

தெற்கு இத்தாலியில், நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில், வெசுவியஸ் எரிமலைக்குத் தென்கிழக்கே இருந்த ரோமானிய ஊர். கி.பி. 79-இல் மலை வெடித்தது. நண்பகலுக்குச் சற்றுப் பின் தொடங்கி, பொம்பெயி மீது மணிக்கணக்கில் நுரைக்கல் (எரிமலை கக்கும் இலேசான கல்) மழையாகக் கொட்டி, பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்தன. மறுநாள் காலை கொதிக்கும் வாயுவும் நுண்ணிய சாம்பலும் கலந்த அலை மலையிலிருந்து இறங்கி வந்து மிச்சமிருந்தவர்களைக் கொன்றது.

கூடவே இன்னொரு ஊரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஹெர்குலேனியம். மலைக்கு மேற்கே கடலோரத்தில் இருந்த சின்ன ஊர். அங்கே நுரைக்கல் அதிகம் விழவில்லை, ஆனால் நள்ளிரவுக்குப் பிறகு அந்தக் கொதி அலை நேராக வந்து மோதியது, அடுத்தடுத்து வந்து சுமார் 20 மீட்டர் ஆழத்துக்கு மூடிவிட்டது. இந்த வித்தியாசத்தால்தான் பொம்பெயியில் மனித உருவங்களும் ஹெர்குலேனியத்தில் கரிந்துபோன மரக்கட்டில், தொட்டில், கதவு, ஏடு எல்லாமும் கிடைத்தன.

மனுஷங்க அப்படியே கல்லா மாறிட்டாங்களாமே, நிஜமா?

இல்லை. யாரும் கல்லாகவில்லை. நாம் படத்தில் பார்ப்பது ஜிப்சம் சாந்து (பிளாஸ்டர்) வார்ப்பு. செத்தவர்களைச் சுற்றி நுண்ணிய சாம்பல் படிந்து இறுகியது, உள்ளே உடல் மக்கிப்போனது, அந்த உடலின் வடிவத்தில் ஒரு வெற்றிடம் மண்ணுக்குள் நின்றது. 1863-இல் அகழாய்வுத் தலைவராக இருந்த ஜுசெப்பே ஃபியோரெல்லி அந்த வெற்றிடங்களுக்குள் சாந்தைக் கரைத்து ஊற்றி, இறுகியபின் சுற்றியிருந்த சாம்பலை உடைத்து எடுத்தார். சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்: மெழுகு உருகி ஓடிய பிறகு மண்கூட்டுக்குள் இருக்கும் வெற்றிடத்தில்தானே உலோகம் ஊற்றுகிறார்கள், அதே வேலைதான், இங்கே மெழுகின் இடத்தில் ஒரு மனித உடல்.

பல வார்ப்புகளுக்குள் எலும்பும் இருக்கிறது. அதனால் அதைச் சிலை என்று நினைத்து முன்னால் நின்று சிரித்துப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். சுமார் நூறு வார்ப்புகள்தான் எடுத்திருக்கிறார்கள். கிடைத்த உடல்கள் ஆயிரத்துக்கும் மேல், பலவற்றில் எலும்பு மட்டுமே மிஞ்சியது, ஏனென்றால் நுரைக்கல் மழையின்போது இறந்தவர்களைச் சுற்றி உருவம் பதிகிற மாதிரி எதுவும் படியவில்லை.

ஒரு நொடியில செத்துட்டாங்களா? கைய தூக்கிட்டு இருக்காங்களே, சண்டையா போட்டாங்க?

வெடிப்பு தொடங்கியதற்கும் பொம்பெயி முழுதாக அழிந்ததற்கும் இடையில் பதினெட்டு மணி நேரம் போல இருந்தது. ஊரில் பத்தாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள், கிடைத்த உடல்கள் அதில் ஒரு பங்குதான், அப்படியென்றால் நிறையப் பேர் கிளம்பிப் போயிருக்கிறார்கள். தங்கிவிட்டவர்கள் பக்கத்தில் சாவி, விளக்கு, காசுப்பை, நகை எல்லாம் கிடைக்கின்றன. சாவி கிடைப்பதுதான் என்னை ரொம்பப் பாதித்தது, திரும்பி வந்து கதவைத் திறப்போம் என்று நம்பித்தானே பூட்டியிருக்கிறார்கள்.

கை மடங்கி முகத்துக்கு நேரே நிற்பது கடும் வெப்பத்தில் தசை சுருங்குவதால் வருவது. தீ விபத்தில் இறந்தவர்களிடமும் இதையே பார்க்கலாம். சண்டையும் இல்லை, கும்பிடவும் இல்லை.

ஆகஸ்ட் 24-னு பள்ளிக்கூடத்துல படிச்சோம், இப்ப அக்டோபர்ங்கறாங்க. எது சரி?

ஆகஸ்ட் 24 என்பது இளைய பிளினி எழுதிய கடிதத்தின் கைப்பிரதிகளிலிருந்து வந்தது. அவர் கண்ணால் பார்த்தவர், ஆனால் அந்தக் கடிதம் நூற்றாண்டுக் கணக்கில் கையால் பார்த்துப் பார்த்து எழுதப்பட்டு நமக்கு வந்தது, தேதி பிரதிக்குப் பிரதி மாறுகிறது. 2018-இல் ஒரு வீட்டுச் சுவரில் கரித்துண்டால் எழுதிய கிறுக்கல் கிடைத்தது, அதில் உள்ள தேதி நம் கணக்கில் அக்டோபர் 17. மாதுளை போன்ற இலையுதிர்காலப் பழங்களும் குளிர்காய வைத்த கணப்புச் சட்டிகளும் முன்பே சந்தேகத்தைக் கிளப்பியிருந்தன.

அந்தக் கிறுக்கலில் வருடம் இல்லை, அதனால் முந்தைய வருடத்து எழுத்தாகவும் இருக்கலாம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. என் கணக்கில் இலையுதிர்காலம் என்பதற்கே சாட்சி கூடுதல், ஆனால் தேர்வில் எழுதப் போகிறவர்கள் பாடப்புத்தகத்தில் உள்ளதையே எழுதுங்கள்.

1700 வருஷமா யாருக்குமே தெரியாதா? யார் கண்டுபிடிச்சது?

வெடிப்பு முடிந்த கொஞ்ச காலத்திலேயே ஆட்கள் வந்து தோண்டிப் பொருள் எடுத்திருக்கிறார்கள், சிலர் இடிபாடுகளிலேயே குடியிருந்த தடயமும் உண்டு. பிறகுதான் மறந்தது. 1590-களில் தொமெனிக்கோ ஃபொந்தானா என்ற கட்டடக் கலைஞர் ஊரின் குறுக்கே கால்வாயே வெட்டினார், கல்வெட்டுகளும் வந்தன, யாரும் தொடர்ந்து போகவில்லை. 1738-இல் ஹெர்குலேனியத்திலும் 1748-இல் பொம்பெயியிலும் நேப்பிள்ஸ் அரசர் ஆட்களை வைத்துத் தோண்ட ஆரம்பித்தார். தோண்டுவது பொம்பெயியைத்தான் என்பதே 1763-இல் ஒரு கல்வெட்டில் பெயர் கிடைத்த பிறகுதான் உறுதியானது.

அந்தக் காலத்துத் தோண்டல் புதையல் வேட்டை மாதிரி. அரண்மனைக்குச் சிலை வேண்டும், ஓவியம் வேண்டும். சுரங்கம் போட்டு, சுவரை உடைத்து, நல்ல ஓவியத்தை வெட்டி எடுத்து, மீதியைப் போட்டுவிட்டுப் போனார்கள். எந்த அறையில், எந்தப் பொருளுக்குப் பக்கத்தில், எந்த மண் அடுக்கில் கிடைத்தது என்பது பல சமயம் பதிவாகவில்லை. இந்த நஷ்டத்தை ஞாபகம் வையுங்கள், இனி வரும் பல பதில்கள் இங்கேதான் திரும்பி வரும்.

2000 வருஷத்துப் பிரெட் கிடைச்சுதாமே? வேற என்ன சாப்பாடு?

ஆமாம். 1862-இல் மொதெஸ்துஸ் என்பவரின் பேக்கரி என்று சொல்லப்படும் இடத்தில் அடுப்பைத் திறந்தபோது 81 ரொட்டிகள் கரிந்து வட்டவட்டமாக இருந்தன, ஒவ்வொன்றும் எட்டுத் துண்டாகப் பிட்டுக்கொள்ளக் கோடு போட்டது. ஹெர்குலேனியத்து ரொட்டி ஒன்றில் முத்திரையே குத்தியிருக்கிறது: குவின்துஸ் கிரானியுஸ் வேருஸ் என்பவரின் அடிமை கெலெர். ஓர் அடிமையின் பெயரை வரலாற்றில் ஒரு ரொட்டி காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது, வேறு எந்த அரசாங்க ஏடும் அவரைக் கண்டுகொண்டிருக்காது.

2020 டிசம்பரில் ஒரு தெருமுனைச் சாப்பாட்டுக் கடையை முழுதாக வெளியில் எடுத்துக் காட்டினார்கள். மேடையில் பெரிய சாடிகளைப் பதித்து, முகப்பில் கோழி, வாத்து என்று படம் வரைந்திருந்தது. சாடிகளின் அடியில் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை எல்லாவற்றின் மிச்சமும் இருந்தது. அப்புறம் கரும் என்ற மீன் சாறு, மீனையும் உப்பையும் வெயிலில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு வடிப்பது. பொம்பெயியில் அதில் பணக்காரரான உம்பிரிகியுஸ் ஸ்காவுருஸ் தன் வீட்டுத் தரையிலேயே சரக்குச் சாடியின் படத்தைக் கல்லில் பதித்து வைத்தார்.

பீட்சா படம்கூட கிடைச்சுதே?

2023-இல் கிடைத்த சுவரோவியம் அது. தட்டையான ரொட்டி, மேலே பழங்கள், பக்கத்தில் மதுக் கிண்ணம். தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி, அது ஐரோப்பாவுக்கு வர இன்னும் 1400 வருடம் ஆக வேண்டும். பீட்சா இல்லை.

சுவர்ல என்னத்த எழுதி வச்சிருக்காங்க? பெரிய இலக்கியமா?

நம் ஊர் பேருந்து இருக்கையின் முதுகில் எழுதியிருப்பதைப் போன்றவைதான் நிறைய. காதல், திட்டு, கடன் கணக்கு, சாப்பாட்டு விலை, கிளாடியேட்டர் (அரங்கில் ஆயுதத்தோடு மோதும் வீரர்) சண்டை ரசிகர்களின் கூச்சல். ஒருவர் எழுதுகிறார்: இத்தனை பேர் கிறுக்கலைத் தாங்கிக்கொண்டு நீ இன்னும் இடிந்து விழாமல் நிற்கிறாயே சுவரே, ஆச்சரியம்தான். அதையும் சுவரில்தான் எழுதியிருக்கிறார்.

இன்னொரு வகை தேர்தல் விளம்பரம், இதைக் காசு வாங்கி எழுதும் ஆட்களே இருந்தார்கள். பேக்கரிக்காரர்கள் இன்னாரை ஆதரிக்கிறோம், பழ வியாபாரிகள் இன்னாரை ஆதரிக்கிறோம் என்று சிவப்பு எழுத்தில் சுவர் முழுக்க. ஓட்டுரிமை இல்லாத பெண்களின் பெயரிலும் ஆதரவு எழுதியிருக்கிறது. சுவர் விளம்பரத்தோடு வளர்ந்த நமக்கு இந்தத் தெருக்கள் அந்நியமாகவே தோன்றாது.

இதுல விலை மதிப்பு அதிகமான பொருள் எது?

வெள்ளி வேண்டுமென்றால் போஸ்கோரியாலே புதையல். 1895-இல் பொம்பெயிக்குச் சற்று வெளியே ஒரு பண்ணை வீட்டில் கிடைத்தது, நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளிப் பாத்திரங்கள், ஆயிரத்துக்கு மேல் தங்கக் காசு. வெள்ளியின் பெரும்பகுதி பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என்னைக் கேட்டால் 1875-இல் கிடைத்த, மெழுகு பூசி எழுதிய மரப்பலகைகளைச் சொல்வேன். கைகிலியுஸ் யுகுந்துஸ் என்ற ஏலத் தரகரின் வீட்டில் ஒரு பெட்டியில் 150-க்கு மேற்பட்டவை இருந்தன, எல்லாம் பணம் பெற்றுக்கொண்ட ரசீது. யார் விற்றார், எவ்வளவு, தரகு எவ்வளவு, சாட்சி யார், எல்லாம் இருக்கிறது. மெழுகு போய்விட்டது, எழுத்தாணி மரத்தில் விட்ட கீறல்தான் மிச்சம். அவை ஒரே பெட்டியில், ஒரே வீட்டில், அந்த மனிதரின் வீட்டிலேயே கிடைத்தன, அதனால்தான் ஓர் ஊரின் கொடுக்கல் வாங்கலே நமக்குத் தெரிகிறது. ஒவ்வொரு பலகையாகச் சந்தையில் விற்றுப் பிரிந்திருந்தால் வெறும் மரத்துண்டுகள்.

எரிஞ்சுபோன புத்தகத்த ஏஐ வச்சுப் படிச்சிட்டாங்களாம், கதையா?

உண்மை, முழுவதும் படிக்கவில்லை. ஹெர்குலேனியத்துக்கு வெளியே ஒரு பெரிய மாளிகையில் 1752-இலிருந்து பாப்பிரஸ் (நாணல் போன்ற செடியில் செய்த தாள்) சுருள்கள் கிடைத்தன, துண்டுகளோடு சேர்த்து சுமார் 1800. முதலில் கரிக்கட்டை என்றே நினைத்தார்கள். பிறகு பிரித்துப் பார்க்க முயன்று பலவற்றைப் பொடியாக்கினார்கள். அந்தோனியோ பியாஜியோ என்ற பாதிரியார் ஒரு கருவி செய்து, பட்டு நூலில் தொங்கவிட்டு மெல்ல மெல்ல இழுத்துப் பிரித்தார், ஒரு சுருளுக்கே வருடக்கணக்கில் ஆனது. படித்தவரையில் நிறைய நூல்கள் கிரேக்கச் சிந்தனையாளர் எபிக்கூரஸின் கொள்கையைப் பின்பற்றிய ஃபிலோதெமுஸ் என்ற தத்துவவாதியுடையவை.

பிரிக்காமல் படிப்பதில் என்ன சிக்கல் என்றால், மை விளக்குக் கரியில் செய்தது, சுருளும் இப்போது கரி. கரிமேல் கரி எழுத்து, எக்ஸ் கதிரில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்து பிரெண்ட் சீல்ஸ் இருபது வருடத்துக்கு மேல் இதன்பின்னால் இருக்கிறார். நுண்ணிய முப்பரிமாண எக்ஸ் கதிர்ப் படத்தில் ஒவ்வொரு மடிப்பையும் கணினியில் விரித்து, மை பட்ட இடத்தில் மேற்பரப்பு லேசாக வேறுபடுவதை இயந்திரக் கற்றல் மூலம் பிடிக்கிறார்கள். 2023-இல் வெசுவியஸ் சேலஞ்ச் என்று போட்டி அறிவித்தார்கள். அந்த அக்டோபரில் முதல் முழுச்சொல் வந்தது, ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 2024 பிப்ரவரியில் யூசுஃப் நாதர், லூக் ஃபாரிட்டர், ஜூலியன் ஷிலிகர் என்ற மூன்று இளைஞர்கள் 7 லட்சம் டாலர் பரிசை வென்றார்கள். அந்தச் சுருளில் படித்தது சுமார் நூற்றில் ஐந்து பங்கு.

எரிமலைக்கு அடியில நம்ம லட்சுமி சிலை கிடைச்சுதாமே! அப்ப அங்க லட்சுமி பூஜை பண்ணாங்களா?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம், அத்தனை முறை வந்துவிட்டது. 1938-இல் அமெதெயோ மயூரி என்ற தொல்லியலாளர் பொம்பெயியின் ஒரு வீட்டில் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரமான தந்தச் சிலையைக் கண்டெடுத்தார், லட்சுமி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைய ஆய்வாளர்கள் பலர் யட்சி என்கிறார்கள். நிறைய நகை போட்ட ஒரு பெண், இரண்டு பக்கமும் சிறிய பணிப்பெண்கள், தலை உச்சியில் செங்குத்தாக ஒரு துளை. துளையைப் பார்த்தால் கண்ணாடிப் பிடியாகவோ மேசை நாற்காலியின் ஒரு பாகமாகவோ இருந்திருக்க வேண்டும், பூஜைக்குரிய சிலையாகத் தெரியவில்லை.

எங்கிருந்து போனது? அடியில் கரோஷ்டி எழுத்து ஒன்று இருக்கிறது, அது வடமேற்கு இந்தியாவின் எழுத்து. மகாராஷ்டிராவில் போகர்தன் என்ற இடத்தில் இதே ஜாடையில் தந்த உருவம் கிடைத்திருக்கிறது. ஆகவே தக்காணம் அல்லது வடமேற்குப் பக்கம். தமிழகத்திலிருந்து போனது என்று பகிர்கிறவர்களுக்கு அன்போடு சொல்கிறேன், அதற்கு ஆதாரம் இல்லை.

அப்போ தமிழ்நாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?

இருக்கிறது, அதுவும் அசைக்க முடியாத சாட்சியோடு. மேலே சொன்ன இளைய பிளினியின் தாய்மாமன் மூத்த பிளினி, ரோமானியக் கடற்படைத் தளபதி, வெடிப்பு அன்று ஆட்களைக் காப்பாற்றக் கப்பலில் போய் ஸ்தாபியே கடற்கரையில் இறந்தவர். அவர் எழுதிய கலைக்களஞ்சியத்தில் முசிறி வருகிறது, பாண்டிய மன்னர் வருகிறார், துறைமுகத்திலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் அவருடைய ஊர் மதுரை வருகிறது. கருமிளகு ஒரு ராத்தல் 4 தெனாரியுஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) என்று விலையும் எழுதி, இதைப்போய் தங்கம் வெள்ளி மாதிரி எடை போட்டு வாங்குகிறார்களே என்று அங்கலாய்க்கிறார். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று அகநானூறு சொல்வதும் இதே வியாபாரத்தைத்தான்.

மண்ணிலும் கிடைத்திருக்கிறது. ரோமானிய எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ஒரு கோயிலில் இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு. குசேர் அல் காதிமில் 'பானை ஒறி' என்று தமிழ் பிராமியில் எழுதிய ஓடு, உறியில் தொங்கிய பானையாக இருக்க வேண்டும். லட்சுமி சிலையை இழுத்துப் பிடிக்க வேண்டிய அவசியமே நமக்கு இல்லை.

தங்க வளையல் போட்ட அம்மாவும் குழந்தையும்னு ஒரு படம் பார்த்தேன், அழுதுட்டேன்.

நானும்தான். ஆனால் 2024 நவம்பரில் வந்த மரபணு ஆய்வு அந்தக் கதையை மாற்றிவிட்டது. வார்ப்புக்குள் எலும்பு இருக்கிறது என்று சொன்னேனே, அதிலிருந்து மரபணு எடுத்தார்கள். வளையல் அணிந்த பெரியவர் ஆண். மடியிலிருந்த குழந்தைக்கும் அவருக்கும் ரத்த சம்பந்தம் இல்லை. அந்த வீட்டில் ஒன்றாக இறந்த நான்கு பேரும் ஆண்கள், குடும்பம் இல்லை. வளையலைப் பார்த்ததும் தாய் என்று முடிவு செய்தது நம் வழக்கத்தை அவர்கள்மேல் ஏற்றியதுதான். சம்பந்தமில்லாத ஒரு குழந்தையைக் கடைசி நேரத்தில் அணைத்துக்கொண்ட ஒரு ஆண், எனக்கு இப்போது அந்தப் படம் முன்பைவிடக் கனமாக இருக்கிறது.

மூளை கண்ணாடியாச்சுன்னு போட்டிருந்தாங்களே, வாட்ஸ்அப் புரளிதானே?

புரளி இல்லை. ஹெர்குலேனியத்தில் மரக்கட்டிலில் இறந்துகிடந்த ஓர் இளைஞரின் மண்டையோட்டுக்குள் கறுப்புக் கண்ணாடித் துண்டுகள் இருப்பதை 2020-இல் அறிவித்தார்கள். 510 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி உடனே வேகமாகக் குளிர்ந்தால்தான் இப்படி ஆகும் என்று 2025 ஆய்வு சொல்கிறது.

ஏன் இன்னும் முழுசா தோண்டல? மூணுல ஒரு பங்கு மண்ணுக்குள்ளயே இருக்காமே.

66 ஹெக்டேரில் சுமார் 22 இன்னும் மூடித்தான் இருக்கிறது, வேண்டுமென்றே. மண்ணுக்குள் இருக்கும்வரை ஓவியத்துக்கு வெயில் இல்லை, மழை இல்லை, கூட்டம் இல்லை. வெளியில் வந்த நாளிலிருந்து அழிவு தொடங்கும். 1943-இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுகள் இந்த இடிபாடுகள்மேலும் விழுந்தன, 2010-இல் கிளாடியேட்டர்களின் கட்டடம் ஒன்று மழையில் இடிந்து விழுந்தது.

இன்னொரு காரணம் சுருள்களின் கதையில் இருக்கிறது. 1750-களில் பிரித்து நாசமாக்கியவற்றை அப்படியே விட்டிருந்தால் இன்று படித்திருக்கலாம். நமக்குப் பின்னால் வருகிறவர்களிடம் நம்மைவிட நல்ல கருவி இருக்கும்.

ஒரு சின்னக் கல்லு எடுத்துட்டு வந்தா என்ன ஆயிடப்போகுது? சாபம்கறாங்களே?

கனடாவிலிருந்து வந்த ஒரு பெண் 2005-இல் எடுத்துப்போன ஓட்டுத்துண்டுகளை 2020-இல் தபாலில் திருப்பி அனுப்பினார், எடுத்ததிலிருந்து கெட்ட காலம் என்று எழுதியிருந்தார். இப்படி நிறையக் கடிதங்கள் வருகின்றன. சாபத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வருடத்துக்குப் பல லட்சம் பேர் வரும் இடத்தில் ஆளுக்கு ஒரு கல் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெரிய திருட்டும் உண்டு. பொம்பெயிக்கு வடக்கே சிவிதா ஜூலியானாவில் திருடர்கள் சுரங்கம் வெட்டிச் சுவரோவியங்களை அறுத்தார்கள். அரசு வழக்கறிஞர் அலுவலகமும் தொல்லியலாளர்களும் சேர்ந்து அங்கே தோண்டியபோது 2021-இல் வெண்கல, வெள்ளி வேலைப்பாடுள்ள ஊர்வல வண்டி கிடைத்தது, சுரங்கம் அதற்கு மிக அருகில் போயிருந்தது. அதே வருடம் அடிமைகள் தங்கிய ஓர் அறையும் கிடைத்தது, மூன்று கட்டில், ஒன்று குழந்தைக்கானது. வண்டியை விற்றிருப்பார்கள், கட்டில்களை மிதித்துப் போயிருப்பார்கள்.

எங்க தோட்டத்துல உழுறப்ப ரோமன் காசு கிடைச்சா என்ன செய்யணும்?

கொங்கு நாட்டில் இது நடக்கக்கூடியதுதான், கோவை, கரூர்ப் பக்கம் அகுஸ்துஸ், திபேரியுஸ் காலத்து வெள்ளிக்காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. புதுக்கோட்டையில் 1898-இல் 501 தங்கக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன, பெரும்பாலானவற்றில் அரசரின் முகத்தில் வெட்டு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் உங்கள் பங்கும் போகும், தண்டனையும் உண்டு. வெளிநாட்டுக்கு விற்று அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

அதைவிட முக்கியம், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எலுமிச்சை, விபூதி, பல்பொடி எதுவும் வேண்டாம். பானையில் இருந்தால் பானையோடு விடுங்கள், உடைந்த ஓட்டையும் பொறுக்கி வையுங்கள், எத்தனை அடி ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது என்று செல்பேசியில் படம் எடுங்கள். அதே தெனாரியுஸ் காசை இணையத்தில் யாரும் வாங்கலாம், உங்கள் தோட்டத்தில் அது எப்படிக் கிடந்தது என்பதை எங்கேயும் வாங்க முடியாது.

போறோம்னா எதை முதல்ல பார்க்கணும்?

முதல் நாள் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். நல்ல ஓவியங்களையும் சிலைகளையும் அந்தக் காலத்தில் வெட்டி எடுத்தார்கள் என்றேனே, எல்லாம் அங்கேதான், யட்சியும் அங்கேதான். மறுநாள் பொம்பெயி, காலையிலேயே போங்கள், 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர்தான், சீட்டில் பெயரும் இருக்கும். மூன்றாம் நாளை ஹெர்குலேனியத்துக்கு வையுங்கள், நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். சின்ன ஊர், நிழல் உண்டு, மாடி, மரக்கதவு எல்லாம் நிற்கிறது. பழைய கடற்கரையில் படகுக் கொட்டில்கள் இருக்கின்றன, கப்பல் வரும் என்று காத்திருந்த முந்நூறு பேர் அங்கே கிடைத்தார்கள். அங்கே போனதும் செல்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.